“எவ்ளோ ஆவும் தம்பி?”: மென்பொருள் வேலைக்கு நாளும் செலவும் கணக்கிடும் முறை

தண்டையார்பேட்டையில் ஒரு லாரி அலுவலகத்தின் மேசைக்கு எதிரே நாம் அமர்ந்திருக்கிறோம். உரிமையாளர் தமக்கு என்ன மென்பொருள் வேண்டும் என்பதைப் பத்து நிமிடத்தில் சொல்லி முடித்துவிட்டு, “இன்னா தம்பி, எவ்ளோ ஆவும், எப்போ குடுப்ப?” என்று கேட்கிறார். தொழிலுக்குப் புதிதாக வரும் நிரலாளர்களில் பலர் இந்த இடத்தில்தான் முதல் தவறைச் செய்கிறார்கள். வாயில் வந்த ஓர் எண்ணைச் சொல்லிவிடுகிறார்கள். நானும் ஒருகாலத்தில் அப்படித்தான், “மூணு வாரம் அண்ணே, நாற்பதாயிரம்” என்றேன். அந்த வேலை முடிய ஐந்து மாதம் ஆயிற்று. தொகை மட்டும் நாற்பதாயிரத்திலேயே நின்றது. அதிலும் கடைசிப் பத்தாயிரம் கைக்கு வரவில்லை. அவர்மேல் பெரிதாகக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. மூன்று வாரம் என்று சொன்னவன் நான். அதை நம்பித் தம் கணக்குப்பிள்ளையை வேறு வேலைக்கு அனுப்பிவிட்டவர் அவர்.

கல்லூரி முடித்துச் சிறு நிறுவனத்தில் சேர்ந்தவர்களும், தனியாகவோ நண்பர் ஒருவருடன் சேர்ந்தோ வேலை எடுக்கத் தொடங்கியிருப்பவர்களும் தங்கள் முதல் விலைப்புள்ளியை எழுதுவதற்கு முன் செய்யவேண்டியவற்றை இங்கே வரிசையாகச் சொல்கிறேன். எடுத்துக்காட்டு முழுவதும் ஒன்றுதான்: துறைமுகத்துக்கும் மணலிப் பக்கத்து யார்டுகளுக்கும் கண்டெய்னர் ஏற்றும் 22 டிரெய்லர்களை வைத்திருக்கும் ஒருவருக்கான டிரிப் கணக்கு மென்பொருள். எண்கள் யாவும் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. உங்கள் ஊதியத்துக்கும் வேகத்துக்கும் ஏற்ப அவற்றை மாற்றிக்கொள்ளுங்கள்.

முதலில் மூன்று எண்களைப் பிரித்துக்கொள்ளுங்கள்

அந்த உரிமையாளரின் ஒரே கேள்விக்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. வேலைக்கு எவ்வளவு உழைப்பு வேண்டும் என்பது மதிப்பீடு. அதற்கு எவ்வளவு பணம் கேட்கப்போகிறோம் என்பது விலை. எந்தத் தேதிக்குள் கையில் தருவோம் என்பது வாக்கு. மதிப்பீட்டை நிரலாளரின் அறிவும் அறியாமையும் தீர்மானிக்கின்றன. அதில் பேரத்துக்கு இடமே இல்லை. விலையில் பேரம் உண்டு. வாக்கு என்பது மதிப்பீட்டையும் நம்மிடம் உள்ள ஆட்களையும் நாட்காட்டியையும் பார்த்த பிறகு கொடுப்பது. எண்பதாயிரத்துக்கு முடித்துத் தரமுடியுமா என்று ஒருவர் கேட்டதும், 300 மணி நேரம் என்று எழுதிய தாளை எடுத்து 150 என்று திருத்துகிறவர், விலையைக் குறைத்ததாக நினைத்துக்கொள்கிறார். உண்மையில் அவர் கணக்கைப் பொய்யாக்கியிருக்கிறார். வேலை பழையபடி 300 மணி நேரம்தான் எடுக்கும்.

ஆகவே மேசைக்கு எதிரே கேள்வி வந்தவுடன் சொல்லவேண்டிய விடை, “அண்ணே, உங்க நோட்டையும் டிரிப் ஷீட்டையும் ஒருநாள் உக்காந்து பார்த்துட்டு, வெள்ளிக்கிழமை எழுதித் தரேன்” என்பதுதான். உத்தேசமாகவாவது சொல் என்று அழுத்திக் கேட்டால், “ஒன்றரை லட்சத்திலிருந்து மூன்று லட்சத்துக்குள்” என்பதுபோல் அகலமான வரம்பைச் சொல்லுங்கள். மென்பொருள் பொருளியலில் பெரிதும் அறியப்பட்ட பேரி போம், 1981-இல் வெளியிட்ட கணக்கின்படி, எண்ணம் மட்டுமே இருக்கும் தொடக்கக் கட்டத்தில் சொல்லப்படும் மதிப்பீடு உண்மையான உழைப்பின் கால் பங்காகவும் இருக்கலாம், நான்கு மடங்காகவும் இருக்கலாம்; விவரம் தெளியத் தெளியத்தான் அந்த அகலம் குறுகும். பத்து நிமிடப் பேச்சில் ஒற்றை எண்ணைச் சொல்ல எவராலும் இயலாது.

அலுவலகத்தில் அரை நாள் உட்காருங்கள்

என்னைக் கேட்டால், மதிப்பீட்டின் தரம் பெரும்பாலும் இந்த அரை நாளிலேயே முடிவாகிவிடுகிறது. சூத்திரங்கள் எல்லாம் இதற்குப் பிறகுதான். உரிமையாளர் சொல்வதைக் கேட்பதோடு நிற்காமல், கணக்கு எழுதுபவருக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அவர் ஒரு டிரிப்பை முதலிலிருந்து கடைசிவரை எப்படிப் பதிகிறார் என்று பாருங்கள்.

என் முதல் வேலையில் நான் ஒரு டிரிப் என்றால் ஒரு கண்டெய்னர், ஒரு கண்டெய்னர் என்றால் ஒரு பில் என்று எடுத்துக்கொண்டு தரவுத்தள அட்டவணையை அமைத்துவிட்டேன். உரிமையாளர் சொன்னதும் ஏறத்தாழ அப்படித்தான் இருந்தது. இரண்டாம் மாதம் அங்கே கணக்கு எழுதியவர் ஒரு டிரிப் ஷீட்டை நீட்டி, இதை எப்படி ஏற்றுவது என்று கேட்டார். நாற்பது அடி டிரெய்லர் ஒன்றில் இருபது அடிக் கண்டெய்னர்கள் இரண்டு. இரண்டும் வெவ்வேறு வாடிக்கையாளர்களுடையவை. ஒன்று ஒரு யார்டில் இறங்கியிருக்கிறது, மற்றொன்று இன்னும் எட்டுக் கிலோமீட்டர் தள்ளி இறங்கியிருக்கிறது. வாடகைப் பில் இரண்டு, டீசல் ஒன்று, ஓட்டுநர் பேட்டா ஒன்று, ஹால்டிங் (வண்டி காத்து நின்றதற்கான கட்டணம்) ஒருவருக்கு மட்டும். இந்த ஒரு தாளுக்காக அட்டவணைகளை மறுபடி அமைத்து, அதுவரை எழுதிய திரைகளில் பாதியை மாற்றி எழுதினேன். முதல் நாளே பழைய டிரிப் ஷீட் கட்டிலிருந்து முப்பது தாளைப் புரட்டியிருந்தால் அப்படிப்பட்ட தாள் நான்கைந்தாவது கண்ணில் பட்டிருக்கும். ஓர் உரிமையாளர் தம் தொழிலின் வழக்கமான நாளைத்தான் விவரிப்பார். நிரலாளரின் நேரத்தைத் தின்பவை வழக்கமில்லாத நாட்கள்.

ஆகவே கேள்விகளை விதிவிலக்குகளை நோக்கியே கேளுங்கள். ஓட்டுநர் பாதி வழியில் மாறினால் பேட்டா யாருக்கு? முந்தைய டிரிப்பின் மிச்ச முன்பணம் அடுத்ததில் கழிகிறதா, மாத முடிவில் கழிகிறதா? ரசீது இல்லாத வழிச்செலவை என்ன தலைப்பில் எழுதுகிறீர்கள்? (இந்தக் கேள்விக்கு விடை வருமுன் ஒரு சிரிப்பு வரும், அதையும் குறித்துக்கொள்ளுங்கள், ஏனெனில் அதற்கென ஒரு திரை தேவைப்படும்.) துறைமுக வாயிலுக்கு வெளியே எண்ணூர் சாலையில் வண்டி வரிசையில் நின்ற மணி நேரம் ஹால்டிங்கில் சேருமா, அல்லது யார்டுக்குள் நுழைந்த பிறகுதான் கடிகாரம் ஓடுமா? வாடிக்கையாளருக்கு வாடிக்கையாளர் இது மாறுமா? மாறும் என்றால் உங்கள் பில் பகுதி இரு மடங்கு ஆகிவிட்டது என்று பொருள்.

சிறியதாகத் தெரியும் ஒரு தகவலை அருகில் சென்று பார்த்தால் என்ன ஆகும் என்பதற்குக் கண்டெய்னர் எண் நல்ல சான்று. அது 11 இடங்கள் கொண்டது: உரிமையாளரைக் குறிக்கும் மூன்று எழுத்து, வகையைக் குறிக்கும் ஓர் எழுத்து, ஆறு இலக்க வரிசை எண், கடைசியில் ஒரு சரிபார்ப்பு இலக்கம். எழுத்துகளுக்கு உரிய மதிப்பை எடுத்து, முதல் பத்து இடங்களையும் 1, 2, 4, 8 என இரட்டிக்கும் எண்களால் பெருக்கிக் கூட்டி, 11-ஆல் வகுத்து வரும் மீதியைக் கடைசி இலக்கத்தோடு ஒப்பிட்டால், எண் தவறாகப் பதியப்பட்டிருப்பதைப் பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம். இந்தச் சோதனையை எழுத ஒரு மணி நேரம் போதும். ஆனால் சோதனையில் தவறினால் என்ன செய்வது? வாயிலில் நிற்கும் ஓட்டுநர் இரைச்சலுக்கு நடுவே தொலைபேசியில் சொன்ன எண் அது. பதிவைத் தடுத்தால் வண்டி நகராது, அனுமதித்தால் பில் தவறும். தற்காலிகமாக ஏற்றுக்கொண்டு சிவப்பில் காட்டி, மாலையில் திருத்தச் சொல்லும் ஏற்பாட்டுக்கு ஒரு முழு நாள் ஆகும். ஒரு மணி நேரம் ஒரு நாளாவது இப்படித்தான்.

பார்த்தவற்றை ஒரே பக்கத்தில் எழுதுங்கள்: என்னென்ன செய்யப்படும், அதைவிட முக்கியமாக என்னென்ன செய்யப்படாது. கைபேசிச் செயலி இதில் இல்லை, ஜி.பி.எஸ். இணைப்பு இதில் இல்லை, ஈ-வே பில்லை (சரக்கோடு போகவேண்டிய ஜி.எஸ்.டி. மின் ஆவணம்) இந்த மென்பொருள் தானாக உருவாக்காது என்பவை பின்னால் உங்களைக் காப்பாற்றும் வரிகள்.

வேலையைத் துண்டாக்கி, துண்டுக்கு மூன்று எண்

பெரிய வேலையை முழுதாகப் பார்த்து எண் சொன்னால் ஏறத்தாழ எப்போதும் குறைத்தே சொல்வோம். டேனியல் கானமன், ஏமாஸ் ட்வெர்ஸ்கி என்னும் உளவியலாளர்கள் 1979-இல் இந்தப் போக்குக்குப் பெயர் கொடுத்துவிட்டார்கள். திட்டமிடல் மயக்கம் என்று தமிழில் சொல்லலாம். முன்பு எத்தனை முறை தாமதமாகியிருந்தாலும், இந்த முறை மட்டும் எல்லாம் ஒழுங்காக நடக்கும் என்று மனம் கணக்குப் போடுகிறது. மருந்து, வேலையைச் சிறு துண்டுகளாக்குவதும் ஒவ்வொரு துண்டிலும் கெட்ட நாளையும் கட்டாயமாக எண்ணிப் பார்ப்பதும்தான்.

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் நின்று பழகியவர்களுக்கு இந்த முறையை விளக்கவே வேண்டாம். கேட் திறந்திருந்தால் 10 நிமிடம், வழக்கமாக 20, சரக்கு ரயில் ஒன்று நடுவில் நின்றுவிட்டால் 60. இம்மூன்றையும் வைத்து, குறைந்ததோடு வழக்கமானதை நான்கு மடங்காக்கிச் சேர்த்து, அதிகமானதையும் கூட்டி 6-ஆல் வகுத்தால் 25 வருகிறது. வழக்கமான 20-ஐவிட இது கூடுதலாக இருப்பது தற்செயல் அன்று. தாமதத்துக்கு மேல்வரம்பு கிடையாது, விரைவுக்குத்தான் வரம்பு உண்டு. அமெரிக்கக் கடற்படை போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக 1958-இல் வகுத்த முறை இது. சுருக்கமாக பெர்ட் என்பார்கள்.

நம் டிரிப் கணக்கு வேலையை ஏழு துண்டாக்கி, ஒவ்வொன்றுக்கும் குறைந்தது, வழக்கம், அதிகம் என்ற வரிசையில் மணி நேரத்தை எழுதினால் இப்படி வரும்:

வண்டி, ஓட்டுநர், வாடிக்கையாளர், யார்டு விவரப் பதிவு: 12, 16, 20. சராசரி 16.
டிரிப் பதிவு, கண்டெய்னர்களுடன்: 24, 36, 72. சராசரி 40.
பேட்டா முன்பணமும் தீர்வும்: 16, 30, 80. சராசரி 36.
டீசல், டோல், பிற செலவு: 8, 12, 22. சராசரி 13.
பில்லும் ஹால்டிங்கும்: 20, 32, 62. சராசரி 35.
வண்டிவாரி மாத வரவு செலவு அறிக்கை: 12, 18, 36. சராசரி 20.
உள்நுழைவும் பயனர் உரிமைகளும்: 6, 8, 10. சராசரி 8.

மொத்தம் 168 மணி நேரம். வழக்கமான எண்களை மட்டும் கூட்டியிருந்தால் 152 என்று எழுதியிருப்போம். இனி ஒவ்வொரு துண்டிலும் அதிகத்துக்கும் குறைந்ததற்கும் உள்ள வித்தியாசத்தை 6-ஆல் வகுத்து, வர்க்கமாக்கி, எல்லாவற்றையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் ஏறத்தாழ 16 கிடைக்கும். அதன் இரு மடங்கைச் சேர்த்து 200 வரை போகலாம் என்று கொள்வது வழக்கம். இந்தக் கணக்கு ஒரு துண்டின் தவறு மற்றொன்றைத் தொடாது என்று எண்ணிக்கொள்கிறது என்பதை மட்டும் மறக்காதீர்கள். இரண்டு கண்டெய்னர் கதையில் ஒரே அறியாமை டிரிப்பையும் பில்லையும் அறிக்கையையும் சேர்த்தே கவிழ்த்தது.

எந்தத் துண்டின் வழக்கமான எண்ணாவது 40 மணி நேரத்தைத் தாண்டினால், அந்தத் துண்டு உங்களுக்கு இன்னும் புரியவில்லை என்று எடுத்துக்கொண்டு மேலும் பிரியுங்கள். குறைந்ததற்கும் அதிகத்துக்கும் இடையே ஐந்து மடங்கு இடைவெளி உள்ள பேட்டா போன்ற துண்டைப் பார்த்ததும், இன்னொரு முறை கணக்குப்பிள்ளையிடம் போய்வாருங்கள். ஒரு தேநீர் நேரப் பேச்சு அந்த 80-ஐ 50 ஆக்கிவிடக்கூடும். இருவராக வேலை செய்தால், எண்களைத் தனித்தனியே எழுதி ஒரே நேரத்தில் தாளைத் திருப்புங்கள். ஒருவர் 12 என்றும் மற்றவர் 40 என்றும் எழுதியிருந்தால் சராசரி எடுக்கவேண்டாம். இருவரில் ஒருவருக்குத் தெரிந்த ஏதோ ஒன்று மற்றவருக்குத் தெரியவில்லை.

நிரல் எழுதாத வேலையும் வேலைதான்

புதியவர்களின் தாளில் எப்போதும் விடுபட்டுப்போவது இந்தப் பகுதி. சந்திப்புகளுக்கும் விவரம் திரட்டுவதற்கும் 16 மணி நேரம், சோதனைக்கு 40, பழைய எக்செல் தாள்களிலிருந்து தரவை ஏற்ற 24, நிறுவிப் பயிற்சி தர 16, பயன்படுத்தத் தொடங்கியபின் வரும் திருத்தங்களுக்கு 30 என வைத்தால் 126 ஆகிறது. நிரலுக்கு 168, நிரல் அல்லாதவற்றுக்கு 126, ஆக 294. தரவு ஏற்றத்தைக் குறைத்து மதிக்காதீர்கள். ஒரே ஓட்டுநரின் பெயர் மூன்று எக்செல் கோப்புகளில் மூன்று எழுத்துக்கூட்டலில் இருக்கும். ஒரே வண்டி எண் இடைவெளியோடும் இடைவெளி இல்லாமலும் இருக்கும். அவற்றை ஒன்றாக்குவது நிரலால் பாதியும் கண்ணால் பாதியும் முடிகிற வேலை.

இதன்மேல் எதிர்பாராதவற்றுக்கென 20% சேர்க்கிறேன். 353 வருகிறது, 350 என்று வைத்துக்கொள்வோம். இந்த 20 விழுக்காட்டைத் துண்டுகளுக்குள் ஒளித்துவைக்காமல் தனி வரியாக எழுதுங்கள். ஒளித்துவைத்தால் அந்தந்தத் துண்டே அதைத் தின்றுவிடும்; கொடுத்த நேரம் முழுவதையும் நிரப்பும்படி வேலை விரிந்துகொள்ளும் என்று பிரிட்டிஷ் வரலாற்றாசிரியர் பார்க்கின்சன் 1955-இல் எழுதியது நம் தொழிலுக்கும் பொருந்தும்.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் வந்தபின் இந்த மணிக்கணக்கு பொருந்துமா என்று கேட்கிறார்கள். உள்நுழைவுத் திரை போன்றவற்றில் நேரம் குறைகிறது என்பது உண்மை. ஹால்டிங் எப்போது தொடங்குகிறது என்று உரிமையாளரிடம் கேட்கும் நேரமும், அவர் விடையை மாற்றும்போது திருத்தும் நேரமும் குறைவதாக எனக்குத் தெரியவில்லை. அந்தந்தத் துண்டில் மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள், மொத்தத்தில் குறைக்காதீர்கள்.

மணி நேரத்தை நாட்காட்டியில் வைப்பது

எட்டு மணி நேர அலுவலக நாளில் ஒருவர் ஒரு வேலையில் ஊன்றிச் செலவிடும் நேரம் ஐந்து மணி நேரத்தைத் தாண்டுவது அரிது. பழைய வாடிக்கையாளரின் தொலைபேசி, மின்வெட்டு, வங்கி, சாப்பாடு ஆகியவை மிச்சத்தை எடுத்துக்கொள்ளும். எனவே 350 மணி நேரம் என்பது 44 நாள் அல்ல, 70 வேலைநாள். மாதத்துக்கு 22 வேலைநாள் என்றால் மூன்று மாதத்துக்குச் சற்று மேல். வாடிக்கையாளர் திரையைப் பார்த்துச் சரி சொல்ல எடுத்துக்கொள்ளும் நாட்களையும் சேர்த்தால் நான்கு மாதத்தை நெருங்கும்.

இன்னொருவரைச் சேர்த்தால் பாதியில் முடியுமா? முடியாது. ஐ.பி.எம். நிறுவனத்தில் பெரியதோர் இயக்குதளப் பணியை நடத்திய ஃபிரெட் புரூக்ஸ், தாமதமாகிவிட்ட மென்பொருள் வேலையில் ஆளைச் சேர்த்தால் அது மேலும் தாமதமாகும் என்று 1975-இல் எழுதினார். புதியவருக்குச் சொல்லிக்கொடுக்கப் பழையவரின் நேரம் போகிறது. பேசவேண்டிய இணைகளும் பெருகுகின்றன. இருவருக்கு இடையே ஓர் இணை, நால்வருக்கு இடையே ஆறு, அறுவருக்கு இடையே பதினைந்து. நம் 70 நாள் வேலையை இருவர் செய்தால் 35 என்று எழுதாமல் 42 முதல் 45 என்று எழுதுவேன்.

நாட்காட்டியை எடுத்துப் பொங்கல், தீபாவளி விடுமுறைகளை அடித்துவிடுங்கள். லாரித் தொழிலில் ஆயுத பூசையை ஒட்டிய நாட்களில் அலுவலகத்தில் யாரும் உங்கள் திரையைப் பார்க்கமாட்டார்கள். மார்ச் கடைசியில் கணக்குப்பிள்ளை ஆண்டுக் கணக்கில் மூழ்கியிருப்பார். டிசம்பர் மழையில் வடசென்னைத் தெருக்களில் தண்ணீர் நிற்கும் வாரம் ஒன்றையும் நான் கணக்கில் வைத்துக்கொள்கிறேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது மின்சாரமும் இணையமும் இல்லாமல் வேலை நின்றது மறக்கக்கூடியதன்று.

மணி நேரத்தைப் பணமாக்குவது

மாதம் 40,000 ரூபாய் ஊதியம் வாங்குகிறவரின் ஒரு மணி நேரம் 227 ரூபாய் என்று 176 மணி நேரத்தால் வகுத்துச் சொல்லாதீர்கள். அவருடைய பங்குக்கு வாடகை, மின்சாரம், இணையம், மடிக்கணினித் தேய்மானம், விடுப்பு, வேலை இல்லாத வாரங்கள், விலைப்புள்ளி எழுதியும் கிடைக்காமல் போன வேலைகள் என மாதம் 20,000 ஆகிறது என்று கொள்வோம். மாதத்தில் உண்மையில் விற்கக்கூடிய நேரம் 22 நாளுக்கு ஐந்தாக 110 மணி நேரம். 60,000-ஐ 110-ஆல் வகுத்தால் 545. 550 என்று முழுமைப்படுத்துவோம். தனியாக வேலை செய்பவர்கள் தங்களுக்கு ஊதியம் என்று ஒன்று இல்லை என்பதால் அந்த 40,000-த்தைச் சுழியமாக்கிவிடுகிறார்கள். வேறிடத்தில் வேலைக்குப் போனால் என்ன கிடைக்குமோ அதுதான் உங்கள் ஊதியம்.

350 மணி நேரத்துக்கு 550 வீதம் 1,92,500 ரூபாய் அடக்கம். அதன்மேல் 25% லாபம் வைத்தால் 2,40,625. விலை 2,40,000 என்று எழுதலாம். நீங்கள் ஜி.எஸ்.டி. பதிவு பெற்றிருந்தால் 18% தனியாகச் சேரும்: 43,200. ஆக வாடிக்கையாளர் கொடுக்கவேண்டியது 2,83,200. சேவைத் தொழிலில் ஆண்டு விற்றுவரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டும்வரை பொதுவாகப் பதிவு கட்டாயமில்லை. பதிவு இல்லாதவர் வரி வசூலிக்கக்கூடாது. வாடிக்கையாளர் டி.டி.எஸ். (பணம் கொடுக்கும்போதே பிடிக்கும் வருமான வரி) கழிக்கும் கடமை உள்ளவராக இருந்தால், தொழில்முறைக் கட்டணமாகக் கொண்டு 10% கழித்தால் 24,000 ரூபாய் இப்போது கைக்கு வராது. பின்னால் வருமான வரியில் ஈடாகும். லாபத்தில் கை வைக்காத இந்தக் கழிவு கைப்பணத்தில் கை வைக்கும். ஒருமுறை ஆடிட்டரிடம் உட்கார்ந்து இவற்றை உறுதி செய்துகொள்ளுங்கள்.

சர்வர் வாடகை, இணைய முகவரி, குறுஞ்செய்திக் கட்டணம் ஆகியவற்றை உங்கள் விலைக்குள் விழுங்கிக்கொள்ளாமல், ஆண்டுதோறும் வாடிக்கையாளரே கட்டவேண்டியவை என்று தனியாக எழுதுங்கள். பராமரிப்பும் தனி, முதல் ஆண்டுக்குப் பிறகு விலையில் 15% என்று நான் எழுதுகிறேன்.

பேரம் வரும்போது

வரும். வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் பட்டுப்புடவைக்கு விலை பேசிப் பழகிய கை, உங்கள் தாளையும் அப்படித்தான் புரட்டும். “ஒன்றரைக்கு முடி தம்பி” என்பார். அதில் தவறு ஏதும் இல்லை. அவரிடம் இருப்பது அவ்வளவாக இருக்கலாம். அப்போது மணி நேரத்தைத் தொடாமல் துண்டுகளைத் தொடுங்கள். விவரப் பதிவு 16, டிரிப் பதிவு 40, பேட்டா 36, உள்நுழைவு 8 ஆகியவை மட்டும் இப்போது என்றால் நிரல் 100 மணி நேரம், நிரல் அல்லாதவை அதே விகிதத்தில் 75, எதிர்பாராதது 35, மொத்தம் 210. அடக்கம் 1,15,500, லாபத்தோடு ஏறத்தாழ 1,45,000, வரி தனி. டீசல், பில், மாத அறிக்கை மூன்றும் அடுத்த தீபாவளிக்குப் பிறகு. இப்படி அட்டவணையை முன்னால் வைத்து, “அண்ணே, எதை இப்போ விட்டுடலாம்னு நீங்களே சொல்லுங்க” என்று கேட்டால் பேச்சின் நிறமே மாறிவிடும். அதுவரை விலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர், தம் தொழிலில் பணம் எங்கே ஒழுகுகிறது என்பதைப் பற்றிப் பேசத் தொடங்குவார்.

கொஞ்சம் விட்டுக்கொடுக்க விரும்பினால் அதை லாப வரியில் விட்டுக்கொடுங்கள், தெரிந்தே.

தேதி முன்பே முடிவான வேலைகள்

சில வேலைகளில் கணக்கு தலைகீழாக ஓடும். காசிமேட்டு மீன் வியாபாரி ஒருவருக்கு ஏலக் கணக்கு மென்பொருள் செய்கிறீர்கள் என்று வையுங்கள். கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கான தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். அவருடைய ஆட்களுக்குப் புதிய முறையைக் கற்க ஓய்வு கிடைப்பது அப்போதுதான்; ஜூன் 15 முதல் விடியற்காலையில் படகு வந்து இறங்கும்போது எவரும் பயிற்சிக்கு நிற்கமாட்டார்கள். இங்கே தேதியை நகர்த்த முடியாது. மே மாத நடுவில் பயிற்சி தொடங்கவேண்டும் என்று வைத்துப் பின்னோக்கி எண்ணி, கையில் இருக்கும் வேலைநாட்களை மணி நேரமாக்கி, அதற்குள் அடங்கும் துண்டுகளை மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள். அடங்காதவற்றை எழுதிக் காட்டுங்கள். ஒப்புக்கொண்டுவிட்டு இரவு விழித்து முடிப்போம் என்று நினைத்தால், ஐந்து மணி நேரம் உழைத்த மூளை இரவு பதினொன்றுக்குச் செய்யும் தவறுகளைத் திருத்த அடுத்த நாளின் பாதி போய்விடும்.

விலைப்புள்ளித் தாள்

இரண்டு பக்கத்தைத் தாண்டவேண்டாம். செய்வது, செய்யாதது, நாம் எடுத்துக்கொண்ட அனுமானங்கள், மூன்று முதல் நான்கு மாதம் என்ற கால வரம்பு, விலை, வரி, தவணை, தாள் எத்தனை நாள் செல்லும் என்பது. நான் 30 நாள் என்று எழுதுவேன். தவணையைத் தேதியோடு கட்டாமல் கையில் தரும் பொருளோடு கட்டுங்கள்: தொடங்கும்போது 30%, டிரிப் பதிவு இயங்கும்போது 30%, முழுவதும் நிறுவும்போது 30%, ஒரு மாதம் ஓடிய பின் 10%. அனுமானங்களை வெட்கப்படாமல் எழுதுங்கள். “ஒரு டிரிப்பில் அதிகபட்சம் இரண்டு கண்டெய்னர்” என்ற ஒரு வரி, பின்னால் மூன்றாவது வந்தால் கூடுதல் கட்டணம் கேட்க உங்களுக்குள்ள ஒரே ஆதாரம். வேலை நடக்கும்போது புதிதாக ஒன்று கேட்கப்பட்டால், சிறியதென்றாலும் எத்தனை மணி நேரம், எவ்வளவு பணம், தேதி எத்தனை நாள் தள்ளும் என்று வாட்ஸ்அப்பிலாவது எழுதி, அவர் “சரி” என்று அனுப்பிய பின் தொடங்குங்கள்.

தொடங்கிய பின் ஒரு குறிப்பேடு

ஒவ்வொரு துண்டுக்கும் எதிரே, தினமும் மாலையில், உண்மையில் ஆன மணி நேரத்தை எழுதுங்கள். வேலையின் மூன்றில் ஒரு பங்கு முடிவதற்குள் உங்கள் எண்களின் விகிதம் தெரிந்துவிடும். 40 என்று எழுதியது 60 ஆகிறதென்றால், மீதமுள்ள துண்டுகளும் ஒன்றரை மடங்காகும் என்று அப்போதே நம்பி, வாடிக்கையாளரிடம் அப்போதே சொல்லுங்கள். இரண்டாம் மாதத்தில் சொல்லப்படும் மூன்று வாரத் தாமதத்தை அவர் பொறுத்துக்கொள்வார்; ஒப்படைக்கும் நாளுக்கு முதல் நாள் மாலை சொல்லப்படும் மூன்று நாள் தாமதத்தைப் பொறுக்கமாட்டார்.

வேலை முடிந்ததும் அந்தக் குறிப்பேட்டை மூடி வைத்துவிடாமல், அடுத்த விலைப்புள்ளி எழுதும்போது பக்கத்தில் விரித்து வையுங்கள். என் குறிப்பேட்டில் பேட்டாத் தீர்வுக்கு எதிரே 30 என்று எழுதி அடித்து, 52 என்று இருக்கிறது; காரணமாக, “பாதி வழியில் ஓட்டுநர் மாற்றம், ரசீது இல்லாச் செலவு” என்ற குறிப்பும் இருக்கிறது. போன மாதம் மாதவரத்தில் இன்னொரு டிரெய்லர் உரிமையாளருக்கு எழுதிய தாளில் அதே துண்டின் வழக்கமான எண் 50. அவர் ஏன் இவ்வளவு என்று கேட்டார். பழைய குறிப்பேட்டுப் பக்கத்தைக் காட்டினேன். அவருடைய கணக்குப்பிள்ளை எட்டிப் பார்த்துவிட்டு, “நம்ம கிட்ட இதுக்கு மேலயும் இருக்கு சார்” என்று சொல்லி உள்ளேயிருந்து இன்னொரு நோட்டை எடுத்துவந்தார். அன்று மாலையே அந்த வரிசையின் அதிகபட்ச எண்ணை 80-லிருந்து 100 ஆக்கினேன்.